வயிற்றில் விழும் வரி: பார்மசிக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனையில் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கர்ப்பிணிகளுக்கான கிளினிக் முடிந்து வரும் பெண்கள் குளிசைகளை வாங்கிப் பையில் போட்ட பிறகும் போகாமல் நிற்பார்கள். காசு எடுக்கிற பையன் அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்திக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "வயித்தில வரி விழாம இருக்க ஏதும் இருக்கா மிஸ்?" மருதமுனையிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள், பாண்டிருப்பிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். வரி என்று அவர்கள் சொல்வது தோல் இழுபட்டு விழும் கோடுகளை, ஆங்கிலத்தில் ஸ்ட்ரெச் மார்க்ஸ். பின்னால் வரிசை நிற்கும்போது முழுதாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த வரி ஏன் விழுகிறது?

தோலின் நடு அடுக்கில் கொலாஜன், இலாஸ்டின் என்ற நார்கள் மீன் வலை மாதிரிப் பின்னிக் கிடக்கின்றன. உடம்பு மெல்ல மெல்லப் பெருத்தால் அந்த வலை இழுபட்டு இடம் கொடுக்கும். குறுகிய காலத்தில் மிதமிஞ்சி இழுத்தால் சில இழைகள் அறுந்துபோகும். அறுந்த இடத்தை உடம்பு தழும்பு போட்டு மூடுகிறது. வெளியே நாம் பார்க்கிற வரி அந்தத் தழும்புதான்.

இழுவை மட்டுமே காரணம் என்றால் பெரிய வயிறுள்ள எல்லோருக்கும் வர வேண்டும், சின்ன வயிறுள்ளவர்களுக்கு வரக்கூடாது. அப்படி நடப்பதில்லை. கர்ப்ப காலத்தில் ஹோர்மோன்கள் மாறுகின்றன. அவற்றில் ஒன்றான கோர்ட்டிசோல் கூடும்போது தோலில் புது நார்கள் உருவாவது குறைகிறது. அதோடு பிறவியிலேயே சிலருடைய நார்கள் உறுதி, சிலருடையவை கொஞ்சம் தளர்வு.

வரி புதிதில் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும் என்று புத்தகங்களில் படிப்போம். எங்கள் நிறத்துத் தோலில் அது கரும் ஊதாவாக அல்லது கடும் மண்ணிறமாகத் தெரியும். தொட்டால் சற்றுத் தடிப்பாக இருக்கும், சிலருக்கு அரிக்கும். மாதங்கள் போகப் போக வெளிறி, லேசான பள்ளமாகிவிடும்.

எனக்கு வருமா வராதா என்று முன்கூட்டியே தெரியுமா?

அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்புக் கூட. 2013 இல் 30,000 க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், இலாஸ்டினை உருவாக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாற்றத்துக்கும் இந்த வரிகளுக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. வாப்பாவும் உம்மாவும் தந்த தோலை யாரும் மாற்ற முடியாது.

இன்னும் சில அறிகுறிகள் உண்டு. வயதுக்கு வந்த காலத்தில் தொடையிலோ மார்பிலோ வரி விழுந்திருந்தால் வயிற்றிலும் விழக்கூடும். இளவயதில் பிள்ளை பெறுபவர்களுக்கு, 30 வயதைத் தாண்டிப் பெறுபவர்களைவிட அதிகம் வருகிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் பல நாட்டு ஆய்வுகளிலும் இதுவே தெரிகிறது. கர்ப்பத்துக்கு முன்பே நிறை கூட இருப்பது, வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், பெரிய பிள்ளை, பன்னீர்க்குடத்தில் நீர் அதிகமாக இருப்பது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். மொத்தத்தில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வரத்தான் செய்கிறது. பெரும்பாலும் ஆறாம் ஏழாம் மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும், சிலருக்கு அதற்கு முன்பே.

சரி, எந்த க்ரீம் நல்லது?

கடைக்காரியே இப்படிச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். வரி விழாமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட க்ரீம் எங்கள் தட்டிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2012 இல், அதுவரை நடந்த ஆறு பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மொத்தம் 800 பெண்கள். பூசியவர்களுக்கும் பூசாதவர்களுக்கும், அல்லது மருந்தில்லாத வெறும் க்ரீம் பூசியவர்களுக்கும் இடையே நம்பத்தக்க வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு.

கொக்கோ பட்டரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், படம் போட்ட டப்பா அழகாக இருக்கும். லெபனானிலும் ஜமைக்காவிலும் அதைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். இரண்டிலும் அது சும்மா லோஷனை வெல்லவில்லை.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது துருக்கியில் நடந்து 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. முதல் பிள்ளை சுமந்த பெண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு கசப்பு வாதுமை எண்ணெயை வயிற்றில் தேய்த்து மசாஜ் செய்தது, ஒரு பிரிவு அதே எண்ணெயைத் தேய்க்காமல் சும்மா பூசியது, மற்றப் பிரிவு ஒன்றும் செய்யவில்லை. மசாஜ் செய்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கு வரி வந்தது. சும்மா பூசியவர்களில் சுமார் 39, ஒன்றும் செய்யாதவர்களில் சுமார் 41. எண்ணெய் மட்டும் பெரிதாக எதையும் மாற்றவில்லை என்பது தெரிகிறது. வேலை செய்திருந்தால் அது கை செய்த வேலை. சின்ன ஆய்வு என்பதால் இதைச் சத்தியவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் மெதுவாகத் தடவிக் கொடுப்பதற்குக் காசு போவதில்லை.

அப்படியென்றால் தேங்காய் எண்ணெயே போதுமா? சைத்தூன் எண்ணெய் நல்லது என்று உம்மம்மா சொல்கிறா.

போதும். ஒலிவ் எண்ணெயை, அதாவது காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் சைத்தூன் எண்ணெய் என்று வாங்குவதை, வெளிநாடுகளில் பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள். வரியைத் தடுப்பதாகத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதற்கும் அந்த வல்லமை இருப்பதாகச் சொல்ல ஆதாரம் கிடையாது.

பிறகேன் பூச வேண்டும்? தோல் காயாமல் இருக்கவும் அரிப்புக் குறையவும். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது உதடும் குதியும் வெடிக்கிற ஊர் இது. இழுபட்ட வயிற்றுத்தோல் அந்த நாட்களில் இரவு முழுக்க அரிக்கும். குளித்துவிட்டு, துவாயால் ஒற்றி, ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன் எண்ணெயைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். வயிறு மட்டும் போதாது. இடுப்பின் இரு பக்கம், தொடை, மார்பு எல்லாவற்றுக்கும் பூசுங்கள், வரி அங்கேயும் வரும். வட்டமாக, அழுத்தாமல் தடவுங்கள். வயிறு இறுகினால் நிறுத்திவிடுங்கள்.

உம்மம்மா கையால் தடவிவிடுகிறா என்றால் அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வல்லாரை பற்றிக் கேள்விப்பட்டேன்...

இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. வல்லாரைச் சாறு கலந்த ஒரு க்ரீமை 1991 இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தார்கள். பூசியவர்களில் 34 சதவீதத்தினருக்கு வரி வந்தது, மருந்தில்லாத க்ரீம் பூசியவர்களில் 56 சதவீதத்தினருக்கு. நல்ல எண்கள்தான். ஆனால் அந்த க்ரீமில் விட்டமின் ஈ போன்ற வேறு பொருட்களும் இருந்தன, பங்குபற்றியவர்களும் குறைவு. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு வல்லாரையை அரைத்து வயிற்றில் அப்புகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். பச்சை இலைச் சாறு சிலருக்குத் தடிப்பும் சொறியும் உண்டாக்கும். வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு சாப்பிடுங்கள், அது கீரை. தூளாக்கி மாத்திரையாக விற்பதைக் கர்ப்ப காலத்தில் டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நிறை கூடுவதற்கும் வரிக்கும் என்ன தொடர்பு? எத்தனை கிலோ கூடலாம்?

உங்கள் கையில் உண்மையாக இருப்பது இது ஒன்றுதான். வயிறு வளர்வதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் ஒரே மாதத்தில் நாலு கிலோ ஏறுவதும் சிறுகச் சிறுக ஏறுவதும் தோலுக்கு ஒன்றல்ல.

எவ்வளவு கூடலாம் என்பது நீங்கள் எந்த நிறையில் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009 இல் வெளியிட்ட அளவுகளைப் பல நாடுகளும் பயன்படுத்துகின்றன. உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண்) 18.5 க்குக் குறைவாக இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை. 18.5 க்கும் 24.9 க்கும் இடையில் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 11.5. அதற்கு மேலே உள்ளவர்களுக்கு 5 முதல் 9. இது ஒற்றைப் பிள்ளைக்கு. இரட்டை என்றால் கணக்கு வேறு.

ஓர் உதாரணம். ஐந்து அடி உயரம், 50 கிலோ. சுட்டி 21.5 அளவில் வரும். இவர் பிள்ளை பெறும்போது 62 முதல் 66 கிலோ வரை இருக்கலாம். முதல் மூன்று மாதத்தில் இரண்டு கிலோவுக்குள், அதன் பிறகு கிழமைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. மிட்வைஃப் மிஸ் ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறுத்துக் கர்ப்பிணிப் பதிவேட்டில் குறிக்கிறாரே, அந்த வரைபடத்தைப் பாருங்கள். கோடு திடீரென்று செங்குத்தாக ஏறுகிறதா என்று அவரிடமே கேளுங்கள். திடீர் ஏற்றத்துக்குச் சாப்பாடு மட்டும் காரணமாக இருக்காது. காலோடு முகமும் வீங்கி, தலைவலியும் இருந்தால் அது இரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

கர்ப்பகாலச் சீனி வருத்தமும் இதில் சேரும். சீனி கட்டுப்படாவிட்டால் பிள்ளை பெருக்கும், பன்னீர்க்குடத்து நீர் கூடும், வயிறு வேகமாக விரியும். குளுக்கோஸ் குடிக்கச் சொல்லி இரத்தம் எடுக்கும் நாளில் "வாந்தி வரும்" என்று ஒளிந்துகொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒளியாதீர்கள். வரியைவிடப் பெரிய காரணங்கள் அதற்கு உண்டு.

"ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று மாமி சொல்கிறா. அப்போ குறைத்துச் சாப்பிடட்டா?

இரண்டும் வேண்டாம். இரண்டு பேருக்கான சாப்பாடு என்பது கணக்கில் வராது. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 340 கலோரி அளவு, கடைசி மூன்று மாதத்தில் 450 அளவு. ஒரு கோப்பை எருமைத் தயிர், ஒரு வாழைப்பழம், ஓர் அவித்த முட்டை என்று வைத்தால் முதல் கணக்குக் கிட்டத்தட்ட முடிந்துவிடும். தயிருக்குப் பாணி ஊற்றினால் கணக்கு மாறும், சொல்லிவிட்டேன்.

நிறையை ஏற்றுவது பெரும்பாலும் சோறு அல்ல. பிளேன்டீயில் போடும் சீனி, போத்தல் சோடா, மினுமினுக்கும் தொதல், பார்க்க வருகிற ஒவ்வொரு மச்சாளும் கொண்டுவரும் வட்டிலப்பம். வந்ததை வாங்கி வையுங்கள், பகிர்ந்து சாப்பிடுங்கள். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது என்று எனக்கும் தெரியும்.

வரிக்குப் பயந்து பட்டினி கிடப்பது அதைவிட மோசம். பிள்ளையின் நிறை குறையும். தோல் நார்கள் உருவாகப் புரதமும் விட்டமின் சீயும் வேண்டும். மீன், முட்டை, பருப்பு, முருங்கையிலை, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் இங்கே மலிவாகக் கிடைப்பவைதான். இவற்றைச் சாப்பிட்டால் வரி வராது என்று உத்தரவாதம் தர மாட்டேன். சாப்பிடாவிட்டால் தோலுக்கு ஆறத் தேவையானது இருக்காது. கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்தால் அதைச் சாப்பிட வேண்டியவர் நீங்கள், வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் அல்ல.

நிறையத் தண்ணீர் குடித்தால்?

குடியுங்கள், இந்த வெயிலுக்குத் தேவை. வரியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சொறிந்தால்தான் வரி விழும் என்கிறார்களே?

இல்லை. உள்ளே நார் அறும்போதும் தோல் காயும்போதும் அரிக்கிறது. அரிப்பு முதலில் வருவதாலும், கை அங்கே போவதாலும், பிறகு வரி தெரிவதாலும் சொறிந்ததால் வந்தது என்று பழி விழுகிறது. நகம் பட்டுக் காயமானால் வேறு தழும்பு வரும், அது உண்மை. நகத்தை வெட்டிவிடுங்கள், உள்ளங்கையால் தட்டிக் கொடுங்கள், குளிர்ந்த ஈரத்துணி போடுங்கள்.

ஆனால் அரிப்பில் இரண்டு வகையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, கடைசி மாதங்களில் வரிகளின் மேலேயே சிவந்த கடுகுப் பருக்கள் கிளம்பி, தொடைக்கும் கைக்கும் பரவுவது. தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிடும். முதல் கர்ப்பத்தில்தான் கூடுதலாக வரும். பிள்ளைக்கு ஆபத்தில்லை, பிரசவத்துக்குப் பிறகு தானாக அடங்கும், அதுவரை டொக்டர் மருந்து தருவார்.

மற்றது ஆபத்தானது. தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் நித்திரை கொள்ள முடியாதபடி இரவில் அரிப்பது. சிறுநீர் கடும் நிறமாகப் போகலாம். இது ஈரலில் பித்தம் தேங்குவதால் வருவது, பிள்ளையைப் பாதிக்கும். அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ, கிட்ட இருக்கிற ஆதார வைத்தியசாலையோ, நேரே போய் "உள்ளங்கால் அரிக்குது" என்று சொல்லுங்கள். இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த அரிப்புக்கு எண்ணெய் கேட்டு என்னிடம் வந்தால் எண்ணெய் தர மாட்டேன், வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவேன்.

பிள்ளை பெற்ற பிறகு வயிறு கட்டினால் வரி மறையுமா?

பழைய பருத்திச் சேலையால் கட்டுவது இடுப்புக்கு ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான். அறுந்த நார் அதனால் ஒட்டாது. சிசேரியன் என்றால் காயம் ஆறும்வரை டொக்டரைக் கேட்காமல் இறுக்க வேண்டாம்.

தேசிக்காய், மஞ்சள், உருளைக்கிழங்குச் சாறு?

மஞ்சளும் கிழங்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. தேசிக்காய் மட்டும் கூடாது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் எரிந்து கொப்புளித்து, மாதக் கணக்கில் கறுப்பாக நிற்கும். கையில் தேசிக்காய் பிழிந்துவிட்டு வெயிலில் மீன் காயப்போட்ட ஒருவருடைய விரல்களில் சாறு வழிந்த பாதையே கறுப்புக் கோடாக இருந்ததைக் கவுண்டருக்கு மேலால் பார்த்திருக்கிறேன். வரியைப் போக்கப் போய் வேறு வரி வாங்காதீர்கள்.

பூசினால் ஒரு கிழமையில் வெளுக்கும் என்று ஒரு க்ரீம் தந்தார்கள். பாவிக்கலாமா?

முதலில் டப்பாவைக் காட்டுங்கள். லேபிள் இல்லையென்றால், இருந்தும் உள்ளே என்ன என்று எழுதவில்லையென்றால், குப்பைக்குப் போட்டுவிடுங்கள். வெளுக்கப் பண்ணும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும்.

இன்னும் சிலவற்றில் அரிப்பையும் அழற்சியையும் அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து இருக்கும். இங்கேதான் கொடுமை: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீரொய்ட் க்ரீமை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, அதனாலேயே வரி விழும். வரிக்கு மருந்தென்று பூசுவது வரியையே உண்டாக்கும்.

கர்ப்பிணிகள் மட்டுமல்ல, ஆண்களும் இதில் மாட்டுகிறார்கள். தொடை இடுக்கில் வியர்வையால் பங்கஸ் அரிப்பு வந்தால், மூன்று மருந்து கலந்த ஒரு டியூபை யாரோ சொன்னதென்று வாங்கி, அரிப்பு அடங்கியதும் வைத்து, திரும்ப அரித்ததும் பூசி, மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். பிறகு ஒருநாள் வந்து, உள் தொடையில் விரல் அகலத்துக்கு ஊதா வரிகள் என்பார்கள். அந்த வரிகள் போவதில்லை. அந்த டியூபில் இருந்த மூன்றில் ஒன்று ஸ்டீரொய்ட். தொடை இடுக்கு, அக்குள், முகம் மூன்றிலும் தோல் மெல்லியது, மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். பங்கஸுக்குப் பங்கஸ் மருந்து மட்டும் போதும்.

ஒன்றை மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டாம். டொக்டர் எழுதித் தந்த ஸ்டீரொய்டை, அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் பூசுவதில் பயம் இல்லை. இழுப்புக்குப் பாவிக்கும் இன்ஹேலரை வரிக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை நீண்ட நாள் எடுப்பவர்கள் சடாரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பதின்மூன்று வயது மகளுக்குத் தொடையிலும், மகனுக்கு முதுகில் குறுக்காகவும் வரி இருக்கு. ஏதும் வருத்தமா?

பெரும்பாலும் வளர்ச்சிதான். பெண் பிள்ளைகளுக்குத் தொடை, இடுப்பு, மார்பு. ஆண் பிள்ளைகள் திடீரென்று உயரும்போது நடு முதுகுக்குக் கீழே ஏணிப்படி போலக் குறுக்காக விழும். அதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போன வாப்பாமாரும் உண்டு. அடி பட்ட அடையாளம் சில நாளில் நிறம் மாறி மறையும், இது அப்படியே நிற்கும்.

பிள்ளைக்கு முன்னால் "ஐயோ, கலியாணத்துக்கு என்ன செய்யிற" என்று பேசாதீர்கள். வருடங்கள் போக அவை வெளிறிவிடும். ஆனால் வரி அகலமாகவும் கடும் ஊதாவாகவும் இருந்து, முகம் வட்டமாக ஊதி, கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பருத்தால் கோர்ட்டிசோல் கூடும் நோயாக இருக்கலாம். டொக்டரிடம் காட்டுங்கள்.

ஜிம் போகும் தம்பிக்குத் தோளில் வரி. க்ரீம் தருவீங்களா?

க்ரீம் வேண்டாம், அவசரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அக்குளுக்கு முன்னால் தோளும் மார்பும் சேருமிடத்தில் விழுவது தசை வேகமாகப் பெருத்ததால். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டட்டும். யாராவது ஊசியோ பெயரில்லாத குளிசையோ தருகிறார்களா என்றும் கேளுங்கள். தசை ஏற்றும் ஹோர்மோன்கள் பாவிப்பவர்களுக்கு இது சடுதியாக வரும். வரி அதில் சின்னப் பிரச்சினை.

எனக்கு வந்துவிட்டது. போக்க முடியுமா?

முற்றாக அழிக்க முடியாது, மங்கப் பண்ணலாம். வரி நிறமாக இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும், வெளிறிய பிறகு கஷ்டம். ட்ரெட்டினோயின் என்ற க்ரீம் புது வரிகளை ஓரளவு சுருக்கும். ஆனால் அது விட்டமின் ஏ குடும்பம்: கர்ப்பமாக இருக்கும்போது கூடாது, பால் கொடுக்கும் காலத்தில் டொக்டரைக் கேட்காமல் கூடாது. சிவந்த வரிக்கு ஒரு வகை லேசர், பழைய வரிக்கு வேறு வகை லேசர், நுண்ணூசி முறை எல்லாம் உண்டு. எங்கள் நிறத் தோலில் லேசர் தவறினால் அந்த இடம் கறுத்துவிடும். அழகுநிலையத்தில் செய்ய வேண்டாம், தோல் வைத்திய நிபுணரிடம் போங்கள்.

காசு செலவழிக்க முன்னர் ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. பிரசவத்துக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் பலருடைய வரிகள் தாமாகவே மங்கிவிடும். அந்தக் காலத்தில் நிறையை மாதம் இரண்டு கிலோ அளவில் மெல்லக் குறைத்தால் போதும். பால் கொடுத்துக்கொண்டு பட்டினி வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கு இன்னும் கூடுமா?

முதல் முறை வந்த இடத்தில் பழைய வரிகள் கொஞ்சம் நீளலாம். புதிதாக நிறைய வருவது குறைவு, நிறை எக்கச்சக்கமாக ஏறாவிட்டால். பிள்ளைகளுக்கு இடையில் பழைய நிறைக்குத் திரும்ப நேரம் கொடுங்கள்.

கட்டாரிலிருந்து அவர் அனுப்பின விலை கூடின க்ரீம் ரெண்டு டப்பா வீட்டில் இருக்கு. என்ன செய்ய?

டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ரெட்டினோல், ரெட்டினைல் பால்மிட்டேட் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது விட்டமின் ஏ, பிள்ளை பிறந்து பால் மறக்கும்வரை எடுத்து வையுங்கள். சலிசிலிக் அமிலம் இருந்தாலும் கேட்டுவிட்டுப் பாவியுங்கள். கொக்கோ பட்டர், கிளிசரின், விட்டமின் ஈ, வாசனை மட்டும்தான் என்றால் தாராளமாகப் பூசலாம். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். மிஞ்சினதை வெடித்த குதிக்குப் போடுங்கள், அதற்கு அது நல்ல சாமான். அவரிடம் போனில் "நல்லா இருக்கு" என்றே சொல்லுங்கள், மூன்றாவது டப்பா மட்டும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.